இழுபடும் இடத்தில் இறங்கும் நோய்

முடக்குவாதத்தின் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தோடு உடம்பெங்கும் ஓடுகின்றன. ஆனாலும் மணிக்கட்டு வீங்குகிறது, விரல்நுனி மூட்டு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஏன்? செல்லின் மேல் விழும் இழுப்பும் அழுத்தமும் அதன் மரபணுக்களை எழுப்பவும் அடக்கவும் வல்லவை என்ற கண்டுபிடிப்பு, இந்தப் பழைய கேள்விக்குப் புதிய விடை தருகிறது.

பக்கவாதம் வந்து உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்த சிலருக்குப் பின்னாளில் முடக்குவாதமும் வந்தது. வழக்கமாக அந்த நோய் இரண்டு கைகளையும் ஒன்றுபோலத் தாக்கும். இவர்களிடம் அப்படி நடக்கவில்லை. இயங்குகிற பக்கத்து மூட்டுகள் வீங்கிச் சிதைந்தன, இயங்காத பக்கம் தப்பியது. தாம்சன், பைவாட்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1962இல் இதைப் பதிவு செய்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, இளம்பிள்ளைவாதம் பாதித்தவர்களிடமும் இதே ஒருதலைச் சாய்வைப் பற்றிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. ஒரே மனிதர், ஒரே ரத்தம், ஒரே மரபணுக்கள். நோய் மட்டும் பாதி உடம்பில்.

செயலிழந்த பக்கத்தில் நரம்புகளும் ஓய்ந்திருக்கும், அதனால்தான் அழற்சி வரவில்லை என்று ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. அதில் உண்மை உண்டு, நரம்பு முனைகள் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரப்பது நிரூபணமானதே. ஆனால் அசைவே இல்லாத மூட்டில் சுமையும் இல்லை, இழுப்பும் இல்லை. அந்த இரண்டாவது காரணம் நெடுங்காலம் யார் கவனத்திலும் தங்கவில்லை. தன்னெதிர்ப்பு நோய் என்றால் நோயெதிர்ப்பு மண்டலத்தின் தவறு, அதை அடக்கினால் போதும் என்ற பாதையிலேயே மருத்துவம் சென்றது. அந்தப் பாதை கோடிக்கணக்கானோருக்கு வாழ்வு தந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இருந்தும் நோயாளி கேட்கும் எளிய கேள்விக்கு அதில் பதில் இல்லை. ரத்தப் பரிசோதனை 'பாசிட்டிவ்' என்று வந்த கையோடு ஒரு பெண் தன் மணிக்கட்டைக் காட்டி, "ரத்தம் முழுக்க இருக்கிற வியாதி இங்கே மட்டும் ஏன் டாக்டர்?" என்று கேட்டால், "அது அப்படித்தான் வரும்மா" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். நியாயமான கேள்வி அது. நெதர்லாந்தின் ஒரு ரத்த வங்கியில் சேமித்திருந்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, பின்னாளில் முடக்குவாதம் வந்த கொடையாளர்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் ரத்தத்தில் நோய்க்குச் சில ஆண்டுகள் முன்பே எதிர்ப்பொருள்கள் இருந்தது 2004இல் தெரியவந்தது. அத்தனை ஆண்டுகளும் மூட்டு அமைதியாகத்தான் இருந்திருக்கிறது. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்குப் பதினைந்து வாக்கில்தான். எதிர்ப்பொருளும் மரபணுவும் அடுப்பை மூட்டி வைக்கலாம், ஆனால் எது எங்கே கொதிக்கவேண்டும் என்று தீர்மானிப்பது வேறு ஏதோ ஒன்று.

கென்ட் நகரத்து எலிகள்

அந்த வேறு ஒன்றைப் பிடித்துக் காட்டியவர்கள் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் டிர்க் எலவாட்டின் குழுவினர். டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதம் அளவுக்கு மீறிச் சுரக்கும்படி மரபணு மாற்றிய எலிகள் அவர்களிடம் இருந்தன. இந்த எலிகளுக்குக் குதிகால் தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் அழற்சி வரும். நடக்கும்போதும் ஓடும்போதும் அதிகம் இழுபடும் இடம் அது. எலிகளின் வாலைப் பிடித்து மெல்லத் தூக்கி, முன்னங்கால்கள் மட்டும் தரையில் படும்படி சில நாள் வைத்தார்கள். பின்னங்கால்கள் காற்றில் இருந்தன. உடம்பில் டி.என்.எஃப். வழக்கம்போலப் பெருகிக்கொண்டிருந்தும், சுமை இறங்கிய குதிகாலில் அழற்சி வெகுவாகக் குறைந்துபோனது. 2014இல் வெளியான முடிவு இது.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே குழு நேரடியாக மூட்டுவாதத்துக்கு வந்தது. எலிகளுக்குக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் செலுத்தித் தன்னெதிர்ப்பைத் தூண்டினார்கள். சில எலிகளின் கூண்டில் ஓடுசக்கரம் வைத்தார்கள். எலிகளுக்குச் சக்கரத்தில் ஓடுவது பிடிக்கும், யாரும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. ஓடியவற்றுக்கு நோய் கூடியது, பின்னங்கால் தூக்கி வைக்கப்பட்டவற்றுக்கு அந்தக் கால்கள் தப்பின. எலும்பு அரிப்பும் மூட்டு முழுதும் பரவவில்லை, இழுப்பு குவியும் குறிப்பிட்ட புள்ளிகளில்தான் தொடங்கியது.

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அடுத்த கண்டுபிடிப்பு. இழுப்பால் வரும் இந்தத் தீவிரத்துக்கு டி செல், பி செல் ஆகிய நோயெதிர்ப்பு மண்டலத்தின் பேர்போன வீரர்கள் தேவைப்படவில்லை. வேலையைச் செய்தவை மூட்டின் சட்டகத்தைக் கட்டிக் காக்கும் சாதாரணத் திசு செல்கள். இழுபட்டதும் அவற்றுக்குள் இரண்டு மரபணுக்கள் விழித்து, சி.எக்ஸ்.சி.எல்.1, சி.சி.எல்.2 என்ற இரண்டு அழைப்புப் புரதங்களைச் சுரந்தன. ரத்தத்தில் போய்க்கொண்டிருந்த மோனோசைட் வெள்ளணுக்கள் அந்த அழைப்பைக் கேட்டு அங்கே இறங்கின. இறங்கியவை எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களாக மாறும் வல்லமை கொண்டவை. சி.சி.எல்.2 மரபணுவை நீக்கியபோது, ஓட்டத்தால் நோய் கூடுவது தணிந்தது.

ஆக, தன்னெதிர்ப்பு உடம்பு முழுதுக்கும் பொதுவாக இருக்க, அது எந்த வாசலில் நுழைவது என்பதை இழுபட்ட திசுவின் மரபணுக்களே சொல்கின்றன. தோல் மருத்துவர்களுக்கு இதன் சாயல் பழக்கமானதுதான். ஹைன்ரிக் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர், கீறலும் பச்சைகுத்தலும் பட்ட இடங்களில் சொரியாசிஸ் படை புதிதாகக் கிளம்புவதை 1870களிலேயே விவரித்துவிட்டார். முழங்கையும் முழங்காலும் அந்தப் படைக்குப் பிடித்த இடங்களாக இருப்பதையும் அதோடு வைத்துப் பார்க்கலாம்.

செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

கண் இல்லாத, நரம்பு இல்லாத ஒரு தனிச் செல் தான் இழுபடுவதை எப்படி உணர்கிறது? இதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றைக் கண்டறிந்ததற்குத்தான் 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதி போனது. ஆர்டெம் பட்டாபூட்டியான் பெய்ரூட்டில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து, உள்நாட்டுப் போரின் நடுவே 1986இல் அமெரிக்காவுக்கு வந்தவர். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் அவரும் பெர்ட்ராண்ட் கோஸ்ட்டும் எலியின் நரம்புக்கட்டிச் செல்களை மிக நுண்ணிய கண்ணாடி ஊசியால் தொட்டார்கள். தொட்டதும் செல்லில் மின்னோட்டம் பிறந்தது. அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய 72 மரபணுக்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக அணைத்து, மறுபடி மறுபடி ஊசியால் தொட்டுப் பார்த்தார்கள். கடைசி மரபணுவில்தான் விடை இருந்தது. அதற்கு பியெசோ1 என்று பெயர் வைத்தார்கள். செல்லின் வெளிச்சவ்வில் பதிந்திருக்கும் இந்தப் புரதம், சவ்வு இறுகும்போது நடுத்துளையைத் திறந்து கால்சியத்தை உள்ளே விடும். கால்சியம் உள்ளே வருவது செல்லுக்கு ஒரு செய்தி, அந்தச் செய்தி கடைசியில் மரபணுக்கள் வரை போகிறது.

பியெசோ இல்லாமலும் விசை உள்ளே போகும். செல் தன்னைச் சுற்றியுள்ள நார்களை இன்டெக்ரின் என்ற புரதங்களால் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடி செல்லுக்குள் ஓடும் ஆக்டின் இழைகளோடு சேர்ந்திருக்கிறது, ஆக்டின் இழைகள் உட்கருவின் உறையோடு சேர்ந்திருக்கின்றன, உறைக்கு உட்புறம் லாமின் வலை, அந்த வலையில் டிஎன்ஏ தொங்குகிறது. வெளியே ஒரு நாரை இழுத்தால் உள்ளே மரபணு வரை அசைவு சேரும்படி எல்லாம் ஒரே தொடராக இருக்கிறது.

அந்த அசைவால் என்ன ஆகும்? ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீள டிஎன்ஏ, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவேயுள்ள உட்கருவுக்குள் ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றி அடைபட்டிருக்கிறது. இறுகச் சுருண்ட பகுதியில் உள்ள மரபணுவைச் செல்லால் வாசிக்க முடியாது, தளர்ந்த பகுதியில் உள்ளதை வாசிக்கலாம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நிங் வாங் குழுவினர் 2016இல், செல்லின் மேற்பரப்பில் ஒட்டிய காந்தமணியைத் திருகி, உட்கருவுக்குள் ஒரு குறிப்பிட்ட மரபணு இருக்கும் டிஎன்ஏ பகுதி நீள்வதை நுண்ணோக்கியில் கண்டார்கள். அது நீண்டபோது அந்த மரபணு வாசிக்கப்படுவதும் கூடியது. நடுவே எந்த வேதித் தூதுவரும் இல்லாமல், இழுப்பே மரபணுவைத் திறந்த நிகழ்வு அது.

எல்லா விசையும் திறக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. சிங்கப்பூரில் ஜி.வி. சிவசங்கரின் குழு, திசுவின் நாரைக் கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை மேலிருந்து அழுத்தியபோது, ஹிஸ்டோன்களின் வேதிக்குறிகளை நீக்கும் நொதி உட்கருவுக்குள் நுழைந்தது. டிஎன்ஏ இறுகியது, பல மரபணுக்கள் அடங்கின, அழுத்தத்தை எடுத்ததும் பழைய நிலை திரும்பியது. ஹெல்சின்கியில் சாரா விக்ஸ்ட்ரோம் குழு 2020இல் தோல் செல்களைத் தொடர்ந்து இழுத்துப் பார்த்தது. அவை தம் டிஎன்ஏவைப் பூட்டிவைக்கும் ஒரு மீத்தைல் குறியைக் குறைத்து உட்கருவை இளக்கிக்கொண்டன, டிஎன்ஏ அறுந்துபோகாமல் காத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. எந்த விசை, எவ்வளவு நேரம், எந்தத் திசையில் என்பதைப் பொறுத்து ஒரே செல் வேறுவேறு விடை சொல்கிறது.

இறுகிய தோலுக்குள் ஒரு சுழல்

இந்த அடிப்படைகள் ஒரு நோயாளியின் உடம்பில் எப்படிக் கூடி நின்று வதைக்கின்றன என்பதை ஸ்கிளீரோடெர்மாவில் தெளிவாகப் பார்க்கலாம். குளிரில் விரல்கள் வெளுத்து, பின் நீலமாவதில் பெரும்பாலும் அந்த நோய் தொடங்கும். பிறகு விரல்தோல் தடித்து இறுகும், முகத்தோல் இழுத்துப் பிடிக்கும், வாயை முழுதாகத் திறப்பது கடினமாகும். பலருக்கு நுரையீரலும் இறுகிப்போகும். ரத்தத்தில் செல் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருக்கும், ஆகவே இதுவும் தன்னெதிர்ப்பு நோய். ஆனால் நோயெதிர்ப்பை அடக்கிய பிறகும் இறுக்கம் தானாகவே தொடர்வதை மருத்துவர்கள் கண்டு திகைத்திருக்கிறார்கள்.

காரணத்தின் ஒரு பகுதி, நாரைக் கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லுக்குள் இருக்கிறது. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபானோ பிக்கோலோவின் குழு 2011இல் ஒரு விஷயத்தை நிறுவியது. மென்மையான பரப்பில் இருக்கும் செல்லில் யாப், டாஸ் என்ற இரண்டு புரதங்கள் உட்கருவுக்கு வெளியே தங்கிவிடுகின்றன, கடினமான பரப்பில் வைத்தால் அவை உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகின்றன. இறுகிய தோலில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்டுக்குச் சுற்றுப்புறமே கடினமான பரப்பு. யாப் உள்ளே போகிறது, கொலாஜன் மரபணுக்கள் வேலை செய்கின்றன, கொலாஜன் சேரச் சேரத் தோல் இன்னும் இறுகுகிறது, இறுகியதை உணர்ந்து யாப் இன்னும் உள்ளே போகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நார் வளர்ச்சியைத் தூண்டும் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதம், பூட்டிய நிலையில் திசுவின் நார்களுக்கிடையே சேமிக்கப்பட்டிருக்கும். செல் அந்தப் பூட்டைப் பிடித்து இழுத்தால், மென்மையான திசுவில் நார் வளைந்து கொடுத்துவிடும், பூட்டு திறக்காது. இறுகிய திசுவில் நார் வளையாது, பூட்டு பிய்ந்து புரதம் வெளியே வரும். போரிஸ் ஹின்ஸ் குழு 2007இல் காட்டியது இதை. எதிர்ப்பொருள்கள் தொடங்கி வைத்த நோயை, பின்னால் திசுவின் இறுக்கமே நடத்திக்கொண்டு போகிறது.

இதனால்தான் நோயெதிர்ப்பை விட்டுவிட்டு ஃபைப்ரோபிளாஸ்டைக் குறிவைக்கும் மருந்துகளை நான் நம்பிக்கையோடு பார்க்கிறேன். நின்டெடானிப் அவற்றில் ஒன்று. ஸ்கிளீரோடெர்மாவால் நுரையீரல் பாதித்த 576 பேரிடம் நடந்த சோதனையில், போலி மருந்து பெற்றவர்களின் நுரையீரல் கொள்ளளவு ஆண்டுக்குச் சுமார் 93 மில்லிலிட்டர் குறைந்தது, இந்த மருந்து பெற்றவர்களுக்குச் சுமார் 52 மில்லிலிட்டர்தான் குறைந்தது. 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் தோலின் இறுக்கத்தில் அது குறிப்பிடத்தக்க மாற்றம் தரவில்லை. சுழல் ஓரிடத்தில் மெதுவாகியிருக்கிறது, நிற்கவில்லை.

சுழல் ஏன் எளிதில் நிற்பதில்லை என்பதற்கு ஹின்ஸ் குழுவே 2017இல் இன்னொரு விளக்கம் தந்தது. கடினமான பரப்பில் சில வாரம் வளர்ந்த குருத்தணுக்களை மென்மையான பரப்புக்கு மாற்றினாலும், அவை கடினப் பரப்பில் இருப்பதுபோலவே நடந்துகொண்டன. அந்த நினைவைத் தக்கவைத்தது மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 என்ற குட்டி மூலக்கூறு. அதை அடக்கியதும் செல்கள் பழையதை மறந்து மென்மைக்குப் பழகின. முடக்குவாத மூட்டிலும் செல்களுக்கு இப்படி நினைவு உண்டு. நோயாளியின் மூட்டுச் சவ்விலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்டுகளை, மனிதக் குருத்தெலும்போடு சேர்த்து, நோயெதிர்ப்பே இல்லாத எலிக்குள் வைத்தபோதும் அவை குருத்தெலும்பைத் துளைத்துக்கொண்டு போயின. தூண்டிவிட யாரும் இல்லை, பழைய குணம் மட்டும் டிஎன்ஏவின் மீத்தைல் குறிகளில் பதிந்து கூடவே வந்திருந்தது. முழங்கால் ஃபைப்ரோபிளாஸ்டின் குறிகளும் இடுப்பு ஃபைப்ரோபிளாஸ்டின் குறிகளும் ஒன்றல்ல என்று சான் டியேகோவில் கேரி ஃபயர்ஸ்டைன் குழு 2016இல் கண்டது. அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி கரு வளரும்போதே எழுதப்பட்ட இடக்குறி.

டி செல்லும் இழுப்பை உணர்கிறது

திசு செல்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நோயெதிர்ப்பு செல்களுக்கு விசையில் பங்கில்லை என்று தோன்றிவிடும். டி செல் தன் ஏற்பியால் எதிரியின் துணுக்கைத் தொட்டவுடன் அதை இழுத்துப் பார்க்கிறது. சரியான துணுக்கு என்றால் இழுக்க இழுக்கப் பிடி இறுகும், தவறானது என்றால் நழுவும். கொல்கத்தாவின் இந்திய வேதி உயிரியல் கழகத்தில் திப்யமன் கங்குலியின் குழு, மனித டி செல் முழுமையாக விழிப்பதற்கு பியெசோ1 துணை செய்கிறது என்று 2018இல் எழுதியது. கலிபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகக் குழு 2021இல் எலிகளின் டி செல்களிலிருந்து பியெசோ1ஐ எடுத்துவிட்டுப் பார்த்தபோது, தாக்கும் டி செல்கள் பெரிதாக மாறவில்லை. அடக்கி ஆளும் டி செல்கள் பெருகின, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் போன்ற நோய் அந்த எலிகளில் தணிந்து வந்தது. கொல்கத்தா முடிவும் அர்வைன் முடிவும் முழுதாக ஒத்துப்போகவில்லை. ஒன்று கண்ணாடித் தட்டில் மனித செல், இன்னொன்று உயிருள்ள எலி. இந்த இடைவெளியை நிரப்பாமல் பியெசோவைத் தடுக்கும் மருந்தைப் பற்றிப் பேசுவது அவசரம் என்பது என் கருத்து. அந்தப் புரதம் சிவப்பணுவிலும் ரத்தக்குழாயிலும்கூட வேலை செய்கிறது.

எலியில் பலித்தது மனிதரில் பலிக்காமல் போன வரலாறு இந்தத் துறையிலேயே உண்டு. சி.சி.எல்.2இன் ஏற்பியைத் தடுக்கும் மருந்தைக் கென்ட் ஆய்வுக்குப் பத்தாண்டுகள் முன்பே, 2008இல் வெளியான சோதனையில், முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். பலன் இல்லை. நோய் முற்றிய மூட்டில் அழைப்புக் குரல்கள் பல, ஒன்றை அடைத்தால் போதாது. நோய் இறங்கும் முன்னே, எதிர்ப்பொருள் மட்டும் இருக்கும் அந்த அமைதியான ஆண்டுகளில் தடுத்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி.

அப்படியானால் அசையாமல் இருப்பதா?

ஓடிய எலிக்கு நோய் கூடியது என்று படித்ததும் வீட்டில் ஒரு குரல் எழும்: "நீ ஒரு வேலையும் செய்யாதே, படு." அன்பால் வரும் குரல்தான், ஆனால் அது தீங்கு செய்யும். எலி ஓடியது அழற்சி மூளும் வேளையில், மருந்தே இல்லாமல், இரவெல்லாம். மனிதருக்கான விடையை மனிதரிடம்தான் தேடவேண்டும். நெதர்லாந்தில் சுமார் 300 முடக்குவாத நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 75 நிமிடம், தீவிரமான உடற்பயிற்சியை இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். 2003இல் வந்த முடிவின்படி அவர்களின் அன்றாடச் செயல்திறன் கூடியது, நோய் தீவிரமாகவில்லை.

இதற்கும் மரபணு அளவில் ஒரு விளக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுதா அகர்வால் குழுவினர் குருத்தெலும்புச் செல்களை அழற்சிப் பொருளில் ஊறவைத்து, மெல்ல, சீராக இழுத்து விட்டார்கள். அழற்சி மரபணுக்களை இயக்கும் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போவது குறைந்தது. அதே செல்களைப் பலமாக இழுத்தபோது, அழற்சிப் பொருளே இல்லாமல் அதே புரதம் உள்ளே போனது. மென்மையான இழுப்பு அழற்சியை அணைக்கிறது, கடுமையான இழுப்பு மூட்டுகிறது, இரண்டும் ஒரே செல்லில், ஒரே புரதத்தின் வழியாக.

நெதர்லாந்து ஆய்விலும் ஒரு குறிப்பு உண்டு. தோள், இடுப்பு, முழங்கால் போன்ற பெரிய மூட்டுகள் ஏற்கெனவே மிகவும் சிதைந்திருந்தவர்களில் சிலருக்கு, தீவிரப் பயிற்சிக் குழுவில் அந்தச் சிதைவு சற்றுக் கூடுதலாக முன்னேறியிருந்தது. ஆகவே நடையா, நீச்சலா, எடை தூக்குவதா, எத்தனை நிமிடம் என்பதை வீட்டார் தீர்மானிக்காமல், எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டுவாத மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனியாகச் சொல்லவேண்டும். மருந்துச் சீட்டில் மாத்திரைக்கு மில்லிகிராம் எழுதும் கை, அசைவுக்கும் அளவு எழுதவேண்டிய காலம் இது. நம் மருத்துவமனைகளின் வெளிநோயாளிப் பிரிவில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் அதற்கு இடமே இல்லை. அந்த இடத்தை உண்டாக்கப் புதிய மருந்து எதுவும் தேவையில்லை, கூடுதலாகச் சில பிசியோதெரபிஸ்டுகளை நியமித்தால் போதும்.